நாய்க்குச் சோறு வைத்தவர் யார்?

2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே எமது தமக்கையாரின் மகன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து எம்முடன் தங்கியிருந்தான். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவான். இடியப்பத்துக்குச் சொதி போதாதென்று அம்மம்மாவுடன் சண்டையும் பிடிப்பான். ஒருநாட் காலை, முகங் கழுவுமுன்னரே விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரையிற் கைப்பேசியும் கையுமாக அமர்ந்துவிட்டான். பக்கத்தில் வைத்த பால்தேநீர் ஆறி ஆடை படர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துபோகும் ஏதோவொன்றை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு மூன்று இடங்களில் முகத்தைச் சுளித்தான். முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பழையது மாதிரி இல்லை, மாமா" என்றான். சொன்ன வாயை மூடுமுன்னரே அதனை எடுத்து முதலிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினான்.

இரசிகன் என்பவனுடைய இலக்கணம் முழுவதும் இவ்விரு செயல்களுள் அடங்கிவிட்டதென எமக்கு அப்போது தோன்றிற்று.

அவன் பார்த்தது 'பியூச்சராமா' என்னும் அமெரிக்க அசைவுச் சித்திரத் தொடரின் புதிய பகுதி. அத்தொடரை அறியாத வாசகர்க்காகச் சிறிது சொல்லுதல் வேண்டும். மற் கிறேனிங் என்பார் படைத்து, டேவிட் எக்ஸ். கோகன் என்பாருடன் சேர்ந்து வளர்த்த இந்நகைச்சுவைத் தொடர் 1999 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆந் திகதி பொக்ஸ் தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. நியூயோர்க் நகரிற் பீற்சா கொண்டுசென்று கொடுக்கும் பிரை என்ற இளைஞன், 1999 ஆம் ஆண்டின் கடைசி இரவில் உறைநிலைப் பெட்டியொன்றினுள் தவறி விழுகின்றான். ஆயிரம் ஆண்டுகள் உறங்கி, 2999 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே கண் விழிக்கின்றான். அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரேனும் உயிருடன் இல்லை. ஒற்றைக் கண்ணுடைய லீலா என்னும் பெண்ணும், குடியும் களவும் தன் குணமெனக் கொண்ட பென்டர் என்னும் இயந்திர மனிதனுமே அவனுக்குப் புதிய சுற்றத்தார். சிரிப்பதற்கென எழுதப்பட்ட கதைதான். ஆயினும் அடியிலே ஊரையும் உறவையும் ஒரே இரவில் இழந்தவன் கதையொன்று கிடக்கின்றது.

நாற்பது வயதைக் கடந்து, கல்லூரியிற் கணிதங் கற்பித்துக் காலந்தள்ளும் எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பை உண்டாக்கியவர் கும்பகோணத்து இராமானுசன் அவர்களே! 1729 என்னும் எண்ணின் கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்வதுண்டு. நோயுற்றிருந்த இராமானுசனைப் பார்க்கவந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும் அது சுவையற்ற எண் என்றும் சொல்ல, படுக்கையிலிருந்தவாறே இராமானுசன் அதனை மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுவே என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729; ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மருமகன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "மாமா, உங்கட இலக்கம் ஒரு றோபோவின்ர வாழ்த்து மடலில இருக்கு." பார்த்தோம். மெய்யேதான். 1999 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியிலே பென்டருக்கு வரும் வாழ்த்து மடல் அவனை 1729 ஆம் மகன் என்று விளிக்கின்றது. 2000 ஆம் ஆண்டின் பகுதியொன்றில், பென்டரும் அவனையொத்த இன்னோர் இயந்திரனும் தத்தம் தொடரிலக்கங்களைச் சொல்லி, இரண்டும் இரு கனங்களின் கூட்டுத்தொகை என்று கண்டு மகிழ்ந்து சிரிக்கின்றனர். மற்றவனுடைய இலக்கம் 3370318. அது 119 இன் கனத்தை இருமுறை கூட்ட வருவது. பென்டருடையது 2716057. அதனை நாம் ஒரு மாலை முழுவதும் தாளிற் போட்டுப் பார்த்தோம். 952 இன் கனத்திலிருந்து 951 இன் கனத்தைக் கழிக்க, அதுவே வந்து நின்றது. மறையெண்ணுக்கும் இடங்கொடுத்தால் அதுவும் கூட்டுத்தொகையே. அன்றிரவு எம்மையறியாமலே நாமும் இரசிகர் கூட்டத்துட் சேர்ந்துவிட்டோம்.

இத்தொடரின் இரசிகர் ஒரு தனி வகையினர். புதிய பகுதி வந்த இரவிலேயே படத்தை நிறுத்தி நிறுத்திச் சுவரில் எழுதியிருப்பதையும் கரும்பலகையிற் கிறுக்கியிருப்பதையும் படிப்பவர்கள். பின்னணியில் வரும் விளம்பரப் பலகைகளிலே அந்நிய கிரகத்து எழுத்தெனச் சில குறிகள் இருந்தன. அவை ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்றுக்கொன்று ஈடானவை என்பதை இரசிகர்கள் மிக விரைவிற் கண்டுபிடித்துவிட்டனர். அதனால் ஆக்கியோர் இரண்டாவதொரு குறியீட்டைப் புகுத்தினர். அதிலே ஒவ்வொரு குறியின் பொருளும் தனக்கு முன்னே நின்ற குறியைச் சார்ந்தது. அதையும் அவிழ்த்துவிட்டார்கள். எழுதியவர்களும் இலேசானவர்கள் அல்லர். கோகன் ஹாவார்ட்டிற் பௌதிகம் பயின்றவர். கென் கீலர் என்பவர் பிரயோக கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2010 ஆம் ஆண்டில், உடல் மாறிப்போனவர்களை மீண்டும் உரிய உடலிற் சேர்ப்பதற்கான கதைக்காகவே ஒரு தேற்றத்தை நிறுவிக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். பரீட்சைக்கு வரமாட்டாத ஒன்றை இவ்வளவு கரிசனையோடு படிக்கும் மாணவர் எமக்கும் வாய்த்தாலென்ன என்று நாம் பலமுறை ஏங்கியதுண்டு.

அதே கரிசனையே குறைகூறும்போதும் வரும். புதிய பகுதி வந்தால் 'போயிற்று, கெட்டுப் போயிற்று' என்னும் குரல் முதலிலே எழும். இக்குணத்தைப் பரிகசித்துக் கோகனே முன்னர் ஒரு பகுதி எழுதியிருக்கின்றார்; 1997 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த 'சிம்சன்ஸ்' தொடரின் பகுதி அது. தான் விரும்பும் சித்திரத் தொடரின் புதிய பகுதியைப் பார்த்த இரவிலேயே ஏசித் தீர்க்கும் கடைக்காரன் ஒருவன் அதிலே வருகின்றான். பரிகசித்தாலும் அவர்களை விட்டால் இவருக்குக் கதியில்லை. 2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துடன் பொக்ஸ் 'பியூச்சராமா'வைக் கைவிட்டது. மறு ஒளிபரப்பைப் பார்த்தவர்களும் ஒளித்தட்டுகளை வாங்கியவர்களும் சேர்ந்தே அதனைப் புதைகுழியிலிருந்து தூக்கினர். 2007 இலிருந்து 2009 வரை நான்கு நீண்ட படங்கள். 2010 முதல் 2013 வரை கொமெடி சென்றலிற் புதிய பகுதிகள். பின்னர் பத்து ஆண்டு மௌனம். 2023 யூலை 24 ஆந் திகதி ஹூலு நிறுவனத்தின் வாயிலாக மூன்றாம் பிறப்பு. இதற்கிடையில், 2022 ஆம் ஆண்டில், பென்டருக்குக் குரல் கொடுத்துவந்த ஜோன் டிமாஜியோ புதிய பகுதிகளிற் சேரமாட்டார் என்ற செய்தி வெளியானபோது இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சில வாரங்களில் அவர் திரும்பி வந்தார்.

ஆகவே மருமகன் அன்று காலை பார்த்தது பத்தாண்டுத் தவத்தின் பலன். இறுதிப் பகுதியைப் பதின்மூன்று வயதிற் பார்த்தவன், புதியதைப் பார்க்கும்போது தாடி வைத்த இளைஞனாகிவிட்டான். உலகிலுள்ள தொலைக்காட்சித் தொடர்கள் யாவற்றையும் பார்த்து முடிப்பதென்று பிரை புறப்படுவதே அப்புதிய பகுதியின் கதை. செத்த தொடர்களுக்கு உயிர்கொடுக்கும் வழக்கத்தைத் தம்மையும் உட்படுத்தியே கேலி செய்திருந்தார்கள். எமக்கு அது பிடித்தே இருந்தது. அவனுக்கு மனம் ஆறவில்லை. "இதுக்கே பத்து வரியம் இருந்தனான்?" என்று முணுமுணுத்தான். காத்திருந்தவனுக்கு வருவது எதுவாயினும் சிறிது சிறுத்தே தெரியும் போலும்.

பேச்சு இவ்வாறு போய்க்கொண்டிருக்கையில், "எல்லாவற்றுள்ளும் சிறந்தது எது, தம்பி?" என்று கேட்டோம். உடனே விடை வரவில்லை. "ஒண்டு இருக்கு மாமா. ஆனால் அதை நீங்கள் பாக்க வேண்டாம்" என்றான்.

ஆசிரியத் தொழில் செய்பவரிடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லலாமோ? அன்று மாலையே பார்த்தோம்.

2002 ஆம் ஆண்டு நவம்பர் 17 இல் ஒளிபரப்பான பகுதி அது. எழுதியவர் எரிக் கப்லன். ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய நூதனசாலையொன்றிலே, தான் முன்னர் வேலைசெய்த பீற்சாக் கடையின் இடிபாடுகளிலிருந்து எடுத்த பொருள்களைப் பிரை காண்கின்றான். அவற்றுள்ளே கல்லாய்ச் சமைந்த நாயொன்று. அது அவனுடைய நாய், சீமோர். கல்லிலிருந்து உயிரை மீட்டு நாயைத் திரும்ப உண்டாக்க ஒரு வழியுண்டு. ஆனால் அது பதினைந்து வயதுவரை வாழ்ந்தே இறந்தது என்று தெரிந்தவுடன் பிரை மனம் மாறுகின்றான். தன்னைப் பிரிந்தபோது அதற்கு மூன்றே வயது. பின்னர் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கோ நன்றாக வாழ்ந்து தன்னை மறந்திருக்கும். அதனை எழுப்புதல் ஆகாது என்கின்றான். அவ்வளவே அவன் அறிந்தது. பார்ப்போருக்கு மட்டும் கடைசி ஒரு நிமிடம் வேறொன்றைக் காட்டுகின்றது. ஒரு சொல்லும் இல்லை. பழைய பாட்டொன்று மட்டும். கடை வாயிலிலே நாய் இருக்கின்றது. வெயில் வருகின்றது, இலை உதிர்கின்றது, பனி விழுகின்றது, கடைக்காரன் முதியவனாகின்றான். நாய் எழுந்து போகவில்லை. இறுதியிற் படுத்துக் கண்ணை மூடுகின்றது.

அப்பகுதி எம்மி விருதுக்கு முன்மொழியப்பட்டது என்பதோ, முதலிலே பிரையின் தாயை வைத்து அக்கதையை எழுத எண்ணிப் பின்னர் அது பொறுக்கொணாததாகும் என்று நாயாக்கினார்கள் என்பதோ நாம் பிற்பாடு அறிந்தவை. இரசிகர்களுள் அதனை ஒருமுறைக்கு மேற் பார்க்கத் துணியாதவர் பலர். நூறு முறை சிரித்தவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பேசுகின்றனர். நாம் பார்த்து முடித்ததும் கைப்பேசியை மருமகனிடங் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் நின்றோம். அவன் பின்னால் வரவில்லை. நல்ல பிள்ளை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவை இக்குடாநாட்டில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. எமக்கு அப்போது பதினாறு வயது. கோண்டாவிலிலிருந்து புறப்பட்டோம். ஐயா சைக்கிளை உருட்டினார். அதிலே அரிசி மூட்டையும் அடுப்புச் சாமான்களும். அம்மாவின் கையிலே காணி உறுதிகள் அடங்கிய பை. அக்கா இரண்டு தலையணைகளைக் கட்டிச் சுமந்தாள். ஏன் தலையணை என்று இன்றைக்கும் எமக்கு விளங்கவில்லை. வீமன் எம்மைத் தொடர்ந்து வந்தது. வீமன் என்பது எமது நாய். பெயருக்கேற்ற தீனி தின்னும். சந்தியிலே சனம் நெரிந்தது. அதற்குள் நாய் வந்தால் மிதிபட்டுச் சாகும் என்று ஐயா சொன்னார். போ என்றோம், போகவில்லை. வாலை ஆட்டிற்று. நாமே குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தோம். முன்னங்காலிற் பட்டது. சற்று நின்று பார்த்துவிட்டு, வீட்டை நோக்கித் திரும்பிப் போயிற்று.

மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. அதன் பின்னர் ஆறு மாதங்கள் மட்டுவிலிலே ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருந்தோம். அவற்றை எழுத இது இடமன்று.

மறு ஆண்டு வைகாசியிலே திரும்பி வந்தபோது வீமன் இல்லை. பக்கத்து வளவுப் பெரியவர் நடக்கமாட்டாதவர். ஆதலாற் போகாமல் இருந்துவிட்டவர். அம்மா அவரிடம் முதலிற் கேட்டது வீட்டையோ கூரை ஓட்டையோ பற்றியன்று, நாயைப் பற்றியே. "சோறு வைச்சனான் பிள்ளை. பிறகு ஆரோ கூட்டிக்கொண்டு போட்டினம்" என்றார் அவர். அம்மாவின் முகம் தெளிந்தது. பின்னர் அவருக்கு நாம் தண்ணீர் அள்ளிக்கொடுக்கச் சென்றபோது, எம்மைப் பாராமலே சொன்னார்: "எனக்கே சோறு இல்லை, தம்பி. அது படலையடியை விட்டு அசையேல்லை. றோட்டில ஒரு சைக்கிள் போனாலும் குரைக்கும். மார்கழி மழையோட சத்தம் நிண்டுபோச்சு. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொன்னதில்லை. பாரதத்தின் இறுதியிலே, உடன்பிறந்தோர் யாவரும் வழியில் வீழ்ந்த பின்னர், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மாட்டேன் என்று தருமர் இந்திரனிடம் மறுக்கும் இடத்தை எமது பேரனார் உருக்கமாகச் சொல்வார். அந்த இடம் வரும்போது எழுந்து வேறு வேலை பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று.

இனி, வழக்குக்கு வருவோம். 2007 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த முதலாவது நீண்ட படத்திலே, காலத்தைக் கடந்து திரும்பும் வித்தையினாற் பிரையின் பிரதியொருவன் 2000 ஆம் ஆண்டுக்கு மீளுகின்றான். அதே பீற்சாக் கடையின் மாடியிற் குடியிருக்கின்றான். சீமோரும் தன் எசமானை மறுபடி அடைகின்றது. அது கல்லானதும் முதுமையாலன்று, வேறொரு வெடிப்பினாலே என்று கதை திருத்தப்படுகின்றது. இதன்மீது இரசிகர்கள் இரு கட்சியாயினர். 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டவர் ஒரு சாரார். 'அந்த ஒரு நிமிடத்தின் மெய்யை அழித்துவிட்டார்களே' என்று சினந்தோர் மறு சாரார். அப்படம் மெய்க்கதையிற் சேருமா, சேராதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நாம் மறு சாராரின் கட்சி. அன்றிரவு மருமகனுடன் அதுபற்றித் தர்க்கித்தோம். மட்டில்லாக் காத்திருப்பைக் காட்டிவிட்டு, ஐந்து ஆண்டின் பின்னர் வந்து, இல்லை அது காத்திருக்கவேயில்லை என்பது பார்ப்பவரை ஏய்ப்பது என்றோம். துக்கத்தைக் கொடுத்தவன் அதனைப் பறித்துக்கொள்ளலாகாது என்றும் சொன்னோம். வகுப்பிற் போலவே குரல் உயர்ந்துவிட்டது போலும். அவன் சாந்தமாக, "படத்தையும் அவைதான் எழுதினவை. கணக்கில சேரும் மாமா" என்றான். அதே படத்தில் ஒரு வாடகைக் காரின் இலக்கம் 87539319 என்பதை ஞாபகப்படுத்தி எமது வாயை அடைக்கவும் பார்த்தான். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக மூன்று வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது. இராமானுசனின் வாடகைக் காருக்கு அடுத்த வண்டி என்க. எண்ணுக்காகக் கதையை மன்னிக்க முடியாது என்று எழுந்துவிட்டோம்.

மறுநாட் பின்னேரம் அம்மா விறாந்தையிற் பாய்விரித்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. பேரன் பக்கத்திலிருந்து, தன் கட்சிக்குச் சான்று தேடியோ என்னவோ, அந்தப் பழைய பகுதியின் முடிவை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். பாட்டுக் கேட்டது.

"உது என்ன நாய்?" என்றார் அம்மா.

அவன் கைப்பேசியை அவர் பக்கஞ் சரித்துப் பிடித்தான். ஆங்கிலந் தெரியாதவருக்கும் அந்த நிமிடத்தில் விளங்காதது ஒன்றுமில்லை. இலையாயும் கை நின்றது. வெயில், இலையுதிர்வு, பனி. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பிலே துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் குனிந்தார். முடிந்த பின்னரும் சிறிது நேரம் அந்தக் கறுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பேரனைக் கேளாமல் எம்மைப் பார்த்துக் கேட்டார்:

"அதுக்கு ஆரும் சோறு வைக்கேல்லையே?"

மருமகன் எம்மைப் பார்த்தான். நாம் பேனாவை மூடினோம்.

"வைச்சவை அம்மா," என்றோம். "பிறகு ஒரு படம் வந்தது. அதில அந்தப் பொடியன் திரும்பி வந்து, அந்தக் கடைக்கு மேலேயே வீடெடுத்து, நாயோடையே இருந்தவன்."

"மெய்யே?"

"மெய்தான் அம்மம்மா," என்றான் அவன்.

"அப்ப சரி" என்று சொல்லி, அம்மா அடுத்த முருங்கைக் கொப்பைக் கையில் எடுத்தார்.